கோட்டைக்கு வந்த தளபதிகள்: சில குறிப்புகள்

ஹொசே டி சான் மார்ட்டினின் வாழ்க்கையை இப்போதுதான் முழுதாக வாசித்து முடித்தேன். ஆர்ஜென்டீனா, சிலி, பெரு ஆகிய மூன்று நாடுகளும் தங்கள் விடுதலைக்காக நினைவுகூரும் தளபதி. 1817ஆம் ஆண்டின் தொடக்கத்தில் படையோடு அந்தீஸ் மலையைத் தாண்டிச் சக்கபூக்கோவில் ஸ்பானியரை வென்றார். அடுத்த வருடம் மைப்பூவில் இன்னொரு வெற்றி. 1821 யூலை 28இல் லீமாவில் நின்று பெருவின் சுதந்திரத்தை அறிவித்தார். ஒரு வருடம் கழித்துக் குவாயாக்கீலில் பொலிவாரைச் சந்தித்துப் பேசினார்; அதன்பின் பதவி எல்லாவற்றையும் துறந்துவிட்டுக் கப்பலேறினார். 1850இல் பிரான்சின் பூலோன் துறைமுகத்தில் காலமானார். வென்ற ஊர்களில் ஒன்றையும் தனக்கென்று வைத்துக்கொள்ளாத தளபதி. அந்தக் கண்டத்தில் அது அபூர்வம்.

*

எங்கள் பக்கத்துப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இப்படியொரு ஆளைத் தேடினால் கிடைக்காது. சான் மார்ட்டின் பதவி துறந்த அதே 1822இன் டிசெம்பரில் நல்லூரில் ஆறுமுக நாவலர் பிறந்தார். அடுத்த வருடம் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிசனரிமார் செமினரியைத் தொடங்கினார்கள். 1841இல் உதயதாரகைப் பத்திரிகை வெளிவந்தது. யாழ்ப்பாணத்தார் அந்த நூற்றாண்டில் சண்டை பிடித்ததெல்லாம் அச்சுக்கூடத்தில்: கண்டனம், மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு. அதில் இரத்தம் சிந்தவில்லை என்றாலும், வேகம் எந்தப் போருக்கும் குறைந்ததல்ல.

ஆகவே தளபதிகளைத் தேடுகிறவர் இன்னும் இருநூறு வருடம் பின்னே போகவேண்டும். வந்தவர்களோ எல்லாரும் வெளியூரார்.

*

முதல் ஆள் பிலிப் டி ஒலிவேரா.

யாழ்ப்பாண அரசன் எதிர்மன்னசிங்கம் 1617இல் இறந்தபின் உரிமை கோரக்கூடியவர்களைத் தீர்த்துக்கட்டிவிட்டுச் சங்கிலி குமாரன் ஆட்சியைப் பிடித்தான். (இதைச் சொன்னால் நல்லூர்ப் பக்கத்து நண்பர்களுக்குக் கோபம் வரும். வந்தாலும் நடந்தது அதுதான்.) அடுத்த வருடமே குடிகள் கிளர்ந்தார்கள். சங்கிலி தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் படை கேட்டு வாங்கி மறுபடி அமர்ந்தான். தஞ்சைப் படை உள்ளே வந்தது, பழவேற்காட்டு ஒல்லாந்தரோடு பேச்சு நடந்தது, திறை நின்றது. கொழும்பிலிருந்த போர்த்துக்கேயருக்கு இவ்வளவும் போதும். ஐயாயிரம் பேரளவு படையோடு தரைவழியாக ஒலிவேரா வந்தார். 1619 யூன் மாதமளவில் காரியம் முடிந்தது. கடல்வழி தப்பப் பார்த்த சங்கிலியைப் பிடித்துக் கோவாவுக்கு அனுப்பினார்கள், அங்கே மரணதண்டனை.

ஒலிவேரா வென்றுவிட்டுத் திரும்பிப் போகவில்லை. எட்டு வருடம் இங்கேயே இருந்தார். தஞ்சாவூரிலிருந்து அடுத்தடுத்து வந்த படைகளை முறியடித்தார். 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தார். ஆட்சியிடத்தை நல்லூரிலிருந்து பண்ணைக் கடலோரத்துக்கு மாற்றினார். இன்றைக்கு நாங்கள் யாழ்ப்பாணப் பட்டினம் என்று சொல்லும் இடம் தலைநகரானது அந்த மாற்றத்தால்தான். கோட்டைக்குப் புதுமை மாதாவின் பெயரைச் சூட்டினார்கள். 1627 மார்ச்சில் ஒலிவேரா இங்கேயே இறந்தார்.

சான் மார்ட்டினுக்கு நேர் எதிரான ஆள்: வென்ற இடத்தில் வேரூன்றி, அங்கேயே மண்ணானவர். ஆனால் அவரைப் பற்றி யாழ்ப்பாணத்தில் யாரிடம் கேட்டாலும் ஒரே வசனம்தான் வரும், நல்லூர்க் கோயிலை இடித்தவன் என்று. எட்டு வருட ஆட்சிக்கு மிச்சம் இவ்வளவுதான். நியாயமென்றே எனக்குப் படுகிறது.

*

சங்கிலியனுக்கு முத்திரைச் சந்தியில் சிலை வைத்தது 1974இல். 2011இல் அதை இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். பழைய சிலைதான் நல்லாயிருந்தது என்பவர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சி.

*

இனி, நான் அதிகம் எழுத நினைக்கும் ஆள்.

ரைக்லொஃப் வான் கோயன்ஸ் பிறந்தது 1619 யூன் 24. ஒலிவேரா நல்லூரைப் பிடித்த அதே கோடை. பிறந்த இடம் ரைன் நதிக்கரையில் றேஸ் என்ற சிறிய ஊர். தகப்பன் படைவீரர். பத்து வயதுக்குள் பெற்றோரோடு பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, வந்து சேர்ந்தார். வந்த கொஞ்ச நாளிலேயே தாயும் தகப்பனும் இறந்துவிட்டார்கள். அநாதைப் பெடியனை ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனி ஒரு வேலைக்கு அனுப்பியது. எங்கே என்று நினைக்கிறீர்கள்? பழவேற்காட்டுக்கு. சோழமண்டலக் கரையில் ஒல்லாந்தரின் தலைமைக் கோட்டை இருந்த ஊர். அங்கே ஆளுநரின் வீட்டில் எடுபிடியாக, எழுத்து உதவியாளனாக இருந்து தொழில் பழகினார்.

யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்துத் தளபதி தமிழ்க் கரையில் வளர்ந்தவர். நெசவாளரும் தரகரும் துபாசிகளும் வந்துபோகும் கிட்டங்கிதான் அவருடைய பள்ளிக்கூடம். துணி எங்கே விளைகிறது, அரிசி எப்போது எந்தக் காற்றோடு கடல் தாண்டுகிறது என்பதெல்லாம் துப்பாக்கி பிடிக்குமுன்பே அவருக்குத் தெரிந்திருக்கும். அதன்பிறகு கணக்கு வேலை, வியாபாரி உத்தியோகம், ஜாவாவின் மாத்தாரம் அரசவைக்கு ஐந்து முறை தூது, சியாமுக்கு ஒரு தூது. இராணுவப் பயிற்சிக்கூடம் என்று ஒன்றுக்கும் போனதாக இல்லை.

1655இல் ஒல்லாந்துக்குப் போனார். 1657இல் திரும்பி வந்தபோது கையில் பெரிய பொறுப்பு: இலங்கையிலும் மலையாளக் கரையிலும் மிச்சமிருக்கும் போர்த்துக்கேயரைத் துடைத்தெடுக்க வேண்டும். கொழும்பு ஏற்கெனவே 1656இல் விழுந்துவிட்டது.

*

1658இன் திட்டத்தைத் தேதிவாரியாக ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் கணக்குப்பிள்ளையின் மூளை தெரியும். முதலில் தூத்துக்குடி. பெப்ரவரியில் மன்னார். அங்கிருந்து தரைவழியாக வடக்கே வந்து, பரவைக்கடலைத் தாண்டிக் குடாநாட்டுக்குள் புகுந்து, மார்ச்சில் பட்டினத்துக்குள். யூனில் யாழ்ப்பாணக் கோட்டை. யூலையில் நாகபட்டினம். ஆறு மாதத்துக்குள் பாக்கு நீரிணையின் இரண்டு கரையும் ஒரே கம்பனியின் கையில்.

முத்து, சங்கு, துணி, யானை, அரிசி எல்லாம் போய்வருவது அந்த நீரிணையால். கோட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடிப்பதுபோலத் தெரிந்தாலும் அவர் பிடித்தது ஒரு கடல்வழியை. ஒலிவேராவுக்கு யாழ்ப்பாணம் ஓர் இராச்சியம். வான் கோயன்சுக்கு அது பாக்கு நீரிணையின் சாவி. பழவேற்காட்டில் வளர்ந்தவனுக்குத்தான் இது இவ்வளவு தெளிவாகப் புலப்பட்டிருக்கும் என்பது என் ஊகம்.

*

முற்றுகை மூன்றரை மாதம்.

ஊர்காவற்றுறைக் கடற்கோட்டை முன்னதாகவே, ஏப்ரலில், பணிந்தது. பீரங்கிக்குப் பயந்தல்ல, தண்ணீர் இல்லாமல். சுற்றிவரக் கடல், குடிக்க ஒரு சொட்டில்லை. தீவுப் பகுதியில் கோடையைக் கண்ட யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

பட்டினத்துக் கோட்டையின் கதை வேறு. அந்தக் காலத்தில் அது நாற்சதுரக் கோட்டை. இன்று நாங்கள் பார்க்கும் ஐங்கோணம் பின்னர் ஒல்லாந்தர் கட்டியது. மன்னாரிலிருந்து தப்பி வந்த படையும், பட்டினத்துப் பறங்கிக் குடும்பங்களும், அடிமைகளும், பிள்ளைகுட்டிகளும் அதற்குள் அடைந்து கிடந்தார்கள். பசி வந்தது, பின்னால் காய்ச்சல் வந்தது. கோவாவிலிருந்து கப்பல் வரும் என்று கடலைப் பார்த்திருந்தார்கள். வரவில்லை. வரமுடியாதபடி கோவாத் துறையின் வாயையே ஒல்லாந்துக் கப்பற்படை அடைத்துக்கொண்டு நின்றது. யாழ்ப்பாணத்து முற்றுகையின் பாதி கோவாவில் நடந்தது என்று சொல்லலாம். யூன் மாதத்தின் பிற்பகுதியில் கோட்டை பணிந்தது. வான் கோயன்சுக்கு அந்த நாட்களில் வயது முப்பத்தொன்பது நிரம்புகிறது.

மதிலேறிப் பாய்ந்து வாள் சுழற்றும் காட்சி ஒன்றை எதிர்பார்த்து இதை வாசிக்கிறவர் ஏமாந்துபோவார். காத்திருப்பதுதான் இந்தத் தளபதியின் ஆயுதம்.

*

படையோடு வந்த போதகர் பிலிப்பஸ் பால்தேயுஸ். மேலே சொன்னவற்றில் பெரும்பகுதி எங்களுக்குத் தெரிவது அவர் எழுதி வைத்ததால். 1665 வரை குடாநாட்டில் இருந்தார்; 1672இல் ஆம்ஸ்டர்டாமில் புத்தகம் போட்டார். தமிழ் எழுத்துகளையும் அந்தப் புத்தகத்தில் அச்சிட்டுக் காட்டினார். கோயில்களைப் பற்றி அவர் எழுதியிருப்பது எரிச்சலூட்டும். கிணறு, வயல், கிராமம், சாதி, சாப்பாடு என்று எழுதும் இடங்களில் ஆள் நல்ல கண்ணுள்ளவர். தளபதி ஒருவர் தன்னோடு கூட்டிவரவேண்டியது இப்படியொரு எழுத்தாளனை. வான் கோயன்சுக்குத் தெரிந்தோ தெரியாமலோ அது வாய்த்தது.

*

கோட்டை விழுந்து மூன்று மாதம் ஆகுமுன் சதி. தளபதி நாகபட்டினத்துப் பக்கம் போய்விட்டார். காவலுக்கு விட்ட ஆட்கள் கொஞ்சம். உள்ளே இருந்த போர்த்துக்கேயர் சிலரும் உள்ளூர்ப் பெரிய மனிதர் சிலரும் சேர்ந்து ஒல்லாந்து அதிகாரிகளைக் கொன்று கோட்டையைத் திருப்பி எடுக்கத் திட்டம் போட்டார்கள். காரியம் வெளிப்பட்டது. தலைவர்களைக் கோடரியால் வெட்டி நெஞ்சைப் பிளந்தார்கள்; வேறு பலரைத் தூக்கிலிட்டார்கள். தெரிந்தும் சொல்லவில்லை என்பதற்காகக் கல்தேரா என்ற யேசுசபைக் குருவின் தலையை வெட்டினார்கள்.

இந்தச் சதியில் அடிபடும் பெயர்களில் மனுவேல் அந்திராதோ ஒன்று. ஒல்லாந்தர் பக்கம் நின்றவர். பூதத்தம்பி கூத்துப் பார்த்தவர்களுக்கு அந்திராசி என்றால் உடனே பிடிபடும். கூத்தில் கதை முழுக்க வீட்டுக்குள் நடக்கிறது: பூதத்தம்பி முதலியின் மனைவி அழகவல்லிமேல் அந்திராசிக்கு ஆசை, அவள் விரட்டிவிடுகிறாள், வஞ்சம் வைத்து, வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கி, அதில் துரோகக் கடிதம் எழுதி, பூதத்தம்பியின் தலையைக் கொய்விக்கிறான்.

கம்பனியின் பதிவில் அரசியல் சதி. ஊரின் நினைவில் பெண்ணாசையும் கள்ளக் கையெழுத்தும். எது உண்மை என்று இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்ய எனக்கு அவசரமில்லை. ஆனால் ஒன்று கவனிக்கத்தக்கது: கூத்திலும் ஆளைக் கொல்வது வாளல்ல, ஒரு தாள். ஒல்லாந்தர் ஆட்சியின் தன்மையைக் கூத்தாடிகள் வரலாற்றாசிரியர்களுக்கு முன்பே பிடித்துவிட்டார்கள்.

*

அந்தத் தாளாட்சி எப்படிப்பட்டது என்பதற்கு:

யாழ்ப்பாணத்துக் கொம்மாந்தோர் ஒவ்வொருவரும் பதவி விட்டுப் போகும்போது அடுத்தவருக்கு நீண்ட அறிக்கை எழுதி வைப்பது வழக்கம். அந்தோனி பவிலியோன் 1665இல் எழுதியதும், சுவார்டெக்ரோன் 1697இல் எழுதியதும் பேர்போனவை. நூறு வருடத்துக்கு முன்பு சோபியா பீட்டர்ஸ் என்ற பெண்மணி இரண்டையும் ஒல்லாந்து மொழியிலிருந்து ஆங்கிலமாக்க, அவை கொழும்பில் அச்சாயின. யானை, சாயவேர், பனை, வரி, வன்னியர் கட்டவேண்டிய திறை, உத்தியோகத்தில் எந்தச் சாதியார் எத்தனை பேர் என்று போகும். காணிகளுக்குத் தோம்பு என்ற பதிவேடு. 1707இல் ஊர் வழக்கங்களைத் திரட்டித் தேசவழமைச் சட்டம். அதைப் பன்னிரண்டு முதலிமாரிடம் காட்டிச் சரிபார்த்தார்கள். காணி வழக்கென்று நீதிமன்றம் போகும் யாழ்ப்பாணத்தார் இன்றைக்கும் தேசவழமையில்தான் போய் முட்டுகிறார்கள். பீரங்கி துருப்பிடித்துவிட்டது, அந்தத் தாள் இன்னும் செல்லும்.

*

வான் கோயன்சின் மிச்சக் கதையைச் சுருக்கமாக. 1663 தொடக்கத்தில் கொச்சி அவர் கையில். பின்னர் இலங்கையின் ஆளுநராக 1675 வரை. இடையில் 1672இல் திருகோணமலைக்கு வந்த பிரெஞ்சுப் படையைத் துரத்தினார். சாந்தோமில் அவர்கள் போய்ப் புகுந்ததும் அங்கும் விடவில்லை. கொழும்பைக் கம்பனியின் கிழக்குத் தலைநகராக்க வேண்டும், பத்தாவியா வேண்டாம் என்பது அவருடைய பெரிய கனவு. கண்டி அரசன் இராசசிங்கனின் எல்லைக்குள் உள்ளே உள்ளே போய்க் காவலரண் வைத்தார். செலவு ஏறியது, வரவு ஏறவில்லை. பத்தாவியாவிலிருந்தவர்கள் கணக்கைக் காட்டி மறுத்தார்கள். கணக்குப்பிள்ளையாகத் தொடங்கியவரைக் கணக்கே மடக்கியது. மகனுக்கு இலங்கையைக் கொடுத்துவிட்டுப் பத்தாவியா போய், 1678 முதல் 1681 வரை தலைமை ஆளுநர். 1682இல் ஆம்ஸ்டர்டாமுக்குத் திரும்பிய சில மாதத்தில் இறந்தார்.

*

மூன்றரை மாதம் முற்றுகையிட்டுப் பிடித்த கோட்டையை அவருடைய கம்பனி 1795 செப்டெம்பர் 28இல் ஆங்கிலேயத் தளபதி ஜேம்ஸ் ஸ்ரூவர்ட்டிடம் சண்டையே இல்லாமல் கொடுத்தது. கோட்டையின் வெளி அரண்களைக் கட்டி முடித்து அப்போது சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. இவ்வளவு அழகான கோட்டை, கட்டியவர்களுக்காக ஒரு நாள்கூடச் சண்டை பிடித்ததில்லை. பிடித்ததெல்லாம் இருநூறு வருடம் கழித்து எங்கள் காலத்தில். 1990இல் நடந்த முற்றுகையையும் அதன்பின் இல்லாமற்போன 1706ஆம் ஆண்டுத் தேவாலயத்தையும் பற்றி எழுத இந்தக் குறிப்பேட்டில் இடம் போதாது.

*

பார்பட் என்ற ஆங்கிலக் கேணல் ஒருவர், யாழ்ப்பாணத்தில் கொமாண்டன்ற். 1803இல் திருகோணமலையிலிருந்து கண்டிக்குப் படை நடத்திப் போனார். கண்டி கிடைத்தது, காட்டுக் காய்ச்சலும் கிடைத்தது. அந்த வருடமே இறந்தார். அவ்வளவுதான்.

*

பிறகு துப்பாக்கியே இல்லாத தளபதி: பேர்சிவல் அக்லண்ட் டைக். 1829 தொடங்கி 1867இல் கோப்பாயில் இறக்கும்வரை வடக்கை ஆண்ட அரசாங்க அதிபர். தென்னமெரிக்காவில் அதே காலத்தில் ஜெனரல்மார் ஒருவரையொருவர் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். இங்கே ஒரு சிவில் உத்தியோகத்தர் முப்பத்தெட்டு வருடம் கச்சேரிக் கதிரையிலிருந்தே வடக்கின் ராசா என்று பெயரெடுத்தார். பழைய பூங்கா அவர் விட்டுப்போனது. ஒல்லாந்தர் போட்டுவைத்த தாள்களின்மேல்தான் அவர் உட்கார்ந்திருந்தார் என்பது என் எண்ணம்.

*

தமிழர் ஒருவர் இலங்கையில் தளபதியாக வந்ததையும் இங்கே குறித்துவைக்க வேண்டும். அன்ரன் முத்துக்குமாரு. பிறப்பு 1908. கொழும்பு சென் யோசப் கல்லூரி, பிறகு ஒக்ஸ்போர்ட், பிறகு பாரிஸ்டர். தொழில் சட்டம், தொண்டர் படையில் சேர்ந்து இராணுவத்துக்குள் வந்தவர். 1955 பெப்ரவரியில் இலங்கை இராணுவத்தின் முதல் சுதேசத் தளபதியானார். 1959 முடியும்வரை அந்தப் பதவியில். ஆங்கிலேயர் திருகோணமலைத் துறைமுகத்தையும் கட்டுநாயக்கா விமானத்தளத்தையும் விட்டுப்போனது அவர் காலத்தில். 1958இல் தமிழருக்கு எதிரான கலவரம் வெடித்து அவசரகாலச் சட்டம் வந்தபோது இராணுவத்தின் தலைமையில் இருந்தவர் ஒரு தமிழர். பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள்.

ஓய்வுபெற்றபின் அவர் தூதராக வெளிநாடுகளில் இருந்தார். 1961 பெப்ரவரியில் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் சத்தியாக்கிரகம் தொடங்கி, ஏப்ரலில் இராணுவம் அதைக் கலைத்தபோது தளபதி வேறொருவர். 1962 ஜனவரியில் சில அதிகாரிகள் ஆட்சியைக் கவிழ்க்கப் பார்த்துப் பிடிபட்ட விவகாரத்திலும் இவர் பெயர் இல்லை. கடைசிக் காலத்தில் அவுஸ்திரேலியாவில் குடியிருந்து இலங்கையின் இராணுவ வரலாற்றை ஒரு புத்தகமாக எழுதினார். அது 1987இல் வெளிவந்தது. 2001இல் காலமானார். சண்டை பிடித்துப் பேரெடுக்காத, சொன்ன வேலையைச் செய்துவிட்டு இறங்கிப்போன தளபதி. இந்தப் பட்டியலில் சான் மார்ட்டினுக்குக் கொஞ்சமாவது கிட்ட வருகிறவர் இவர்தான்.

*

ஆசிரியர்மாருக்கு ஒரு வேண்டுகோள். வருடாவருடம் பிள்ளைகளைக் கோட்டைக்குக் கூட்டிப் போகிறீர்கள். மதில்மேல் நிறுத்திப் படம் எடுக்கிறீர்கள். 1619, 1658, 1795 என்று ஒப்புவிக்கச் சொல்கிறீர்கள். அடுத்தமுறை அந்த மதிலில் வைத்துப் பவிலியோனின் 1665 அறிக்கையில் ஒரு பத்துப் பக்கத்தைத் தமிழில் சொல்லிக் காட்டுங்கள். யானைக்கும் சாயவேருக்கும் எங்கள் பூட்டன்மாரின் காணிக்கும் அவர்கள் போட்ட விலையைக் கேட்டால், தளபதிகள் எதற்காக வந்தார்கள் என்பது பிள்ளைகளுக்குத் தானாக விளங்கும்.